மூன்று பேரின் குழி

வெள்ளவத்தையில் அந்த வீட்டு மலக்குழியின் மூடியை ஒரே வருடத்தில் மூன்றாம் தடவை நெம்பியபோது, குழி அள்ள வந்த தங்கையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் இருப்பது இராசமலரும் கணவரும் மட்டும்தான். குழியோ விளிம்புவரை நிறைந்திருந்தது.

“இருவது வருசமா குழி பாக்கிறேன்மா. ரெண்டு பேருக்கு இது நெறையாது. மூணாவது ஆளு இருக்கு. பொலிசில பதியாம ஒளிச்சு வச்சிருந்தா, பொலிஸ் என்னையுந்தான் அள்ளிட்டுப் போகும்!”

இராசமலர் உள்ளே போய், வீட்டில் இருப்பவர்களின் பெயர்களைப் பொலிசில் பதிந்த தாளைக் கொண்டுவந்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் மூன்று பெயர்கள். கடைசியாக இருந்த மகனின் பெயர் சிவப்புப் பேனையால் வெட்டப்பட்டிருந்தது.

“போன வருஷம் ஆரோ அவனை வெள்ளை வான் வண்டியில ஏத்திக்கொண்டு போட்டாங்கள். பிறகு பொலிசில பேரையும் வெட்டிப்போட்டாங்கள். ‘வீட்டில இனி ரெண்டு பேர்தான்’ எண்டாங்கள். இல்லை, மூண்டு எண்டு கத்தினனான். ஆர் கேட்டது?”

தங்கையா பவுசர் வண்டியின் உறிஞ்சு குழாயைக் குழிக்குள் இறக்கினான். குழி காலியானது. அவளும் கணவரும் விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குள் கக்கூஸ் சங்கிலியை இழுக்கும் சத்தம் கேட்டது. வெறும் குழிக்குள் தண்ணீர் கொட்டியது.

“வாரும் பொலிசுக்கு,” என்றாள் இராசமலர். “எத்தினை பேர் எண்டு நீரே சொல்லும்.”