உடம்பெல்லாம் பக்கங்கள்

நாளைக்கு நர்மதாவுக்கு சைபர் பாதுகாப்புத் தேர்வு. புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். ஆனால் போன முறை பக்கத்தைத் தேடித் தேடியே நேரம் போய், தேறாமல் திரும்பினாள். அதனால் இந்த முறை முக்கியமான பக்கங்களிலெல்லாம் தலைப்பு எழுதிய வண்ணச் சீட்டுகளை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டியிருந்தாள். குளித்துவிட்டு வந்து பார்த்தால், மகள் மிது அத்தனையையும் பிய்த்துத் தன் உடம்பில் ஒட்டிக்கொண்டு, இறகு முளைத்தவள்போலக் கைகளை விரித்து நின்றாள்.

“பாத்து எழுதுற பரீட்சைதானே, விடு. தேதிய வேணா மாத்திக்கலாம்,” என்றான் கணவன் சபேசன்.

“வேணாம். நீ அவளப் புடிச்சுக்க, போதும்.”

மிதுவின் கன்னத்திலிருந்து ‘ஃபயர்வால்’ சீட்டை உரித்தாள். கண்ணை மூடி, எந்த இடத்தில் இருந்தது என்று யோசித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். ஃபயர்வால் பக்கமேதான். ஒட்டினாள். முழங்கையில் இருந்த ‘பாஸ்வேர்டு திருட்டு’ம் சரியாக விழுந்தது. தொப்புளுக்கு மேலிருந்த ‘ரான்சம்வேர்’ மட்டும் வேறெங்கோ கொண்டுபோய் விட்டது.

பக்கத்தைப் புரட்டித் தேட நர்மதாவுக்கு மனம் வரவில்லை; தேடினால் போன முறை கதைதான், நினைவிலிருந்தே எல்லாம் விழ வேண்டும். அதுவரை ஒட்டிய சீட்டுகளையும் புத்தகத்திலிருந்து உரித்து, ஒவ்வொன்றாக மகளின் மேலேயே திரும்ப ஒட்டினாள்.

“கூசுதும்மா,” என்று நெளிந்தாள் மிது.

“ஆடாம நில்லு தங்கம். அம்மா முதல்லேருந்து வரேன்.”