கடைசி ஸ்லைடு

இணையப் பக்கங்களில் ஸ்லைடுகள் காட்டுவதற்கு என் கணவர் மகுடபதி ஒரு மென்பொருள் பெட்டி செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி விட்டிருந்தார். ஒரே ஒரு நிரல் வரியை ஒட்டினால் போதும், எந்தப் பக்கத்திலும் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். மற்றவர்கள் ‘அடுத்து’ என்று எழுதும் பொத்தானில் அவர் ‘அப்புறம்?’ என்று எழுதியிருந்தார். கடைசி ஸ்லைடிலும் அது போகாமல் நிற்கும்; அழுத்தினால் ஒன்றும் வராது. அவர் இறந்த பிறகு அதைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய நண்பன் தமீம் இன்று போன் செய்தான்.

“அண்ணி, கடைசியில வர்ற ‘அப்புறம்?’ மட்டும் எடுத்துடவா? இங்க மாத்தினா எல்லாப் பக்கத்துலயும் மாறிடும்.”

“அது அவரு பேச்சுடா. பேச ஒண்ணுமே இல்லைன்னாலும் அப்புறம், அப்புறம்பாரு. போனை வைக்கவே விடமாட்டாரு.”

“எனக்குத் தெரியாதா? காதே சுட்டுடும். ஆனா ஒரு நர்ஸம்மா, பச்சக் குழந்தைய எப்படிக் குளிப்பாட்டுறதுன்னு ஸ்லைடு போட்டிருக்காங்க. அதப் பாத்த ஒரு பொண்ணு, ‘துண்டுல சுத்தித் தூங்க வச்சுட்டேன், அப்புறம் என்ன செய்யணும்னு திறக்கவே மாட்டேங்குது’ன்னு பயந்துபோய் எழுதியிருக்கு.”

சிரித்துவிட்டேன். அவர் இருந்திருந்தால் இன்னும் பலமாகச் சிரித்திருப்பார்.

“ஐயோ பாவம். எடுத்துடு தமீம்.”

அவன் எடுத்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து கடைசிவரை போனேன். வெள்ளைத் துண்டுக்குள் குழந்தை வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. கீழே வெற்றிடம். இந்நேரம் அந்தப் பெண்ணும் தன் குழந்தையின் அருகில் படுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.