கூரை கழுவிய தண்ணீர்

கோடை முழுக்க ஓட்டுக் கூரையிலேயே குடியிருந்த காக்காய்க்குத் தொண்டை வறண்டு கிடந்தது. ஒருவழியாக மழை கொட்டியது. ஆனால் கூரைக் குழாயில் வந்த தண்ணீர், வாயில் பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு காத்திருந்த டிரம்முக்குள் போகாமல் தரையில் ஓடியது.

"அடப்பாவி, குடிக்கிற தண்ணியை இப்படி வீணா விடுறியே!" என்று காக்காய் கத்தியது.

"முதல் மழை கூரையைக் கழுவட்டும்னு விட்டிருக்காங்க. வேணும்னா நீங்க குடிங்கண்ணே," என்றது டிரம்.

காக்காய் ஆசையாக இறங்கி அலகை நீட்டியது. எச்சத்தோடு ஒரு மீன்முள்ளும் அடித்துக்கொண்டு வரவே, துள்ளிப் பின்வாங்கியது.

"சீ! இந்தப் புறாக்களுக்குக் கொஞ்சமாவது சுத்தம் உண்டா?"

டிரம் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டது: "புறா எப்போண்ணே மீன் தின்ன ஆரம்பிச்சுது?"