புளிய ஓட்டுக் கரி

"என் கரியில இரும்பைக் கலந்தது நீங்கதானே ரஞ்சித்?"

ஆய்வுக்கூடமே திரும்பிப் பார்த்தது. கலைமதி கத்தி யாரும் கேட்டதில்லை.

எரிபொருள் மின்கலத்தில் ஆக்சிஜனை வேலை வாங்க பிளாட்டினம் வேண்டும். விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதே வேலையை வெறும் கரி செய்யும் என்று காட்டத்தான் கலைமதி இத்தனை வருஷம் மாடாய் உழைத்தாள். சொந்த ஊர் இண்டூரில் அம்மா பொடித்துத் தரும் புளிய ஓட்டை உலையில் சுட்டு, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த கரியாக்கினாள். பிளாட்டினத்துக்குச் சமமாக அது வேலை செய்தது. 'உலோகம் துளியும் இல்லை' என்பதுதான் அவள் ஆய்வேட்டின் உயிர்.

இன்று வந்த சோதனை முடிவில் அந்த உயிர் போய்விட்டது. கரி முழுக்க இரும்பு. அப்படியானால் இத்தனை நாளும் வேலை பார்த்தது கரியல்ல, இரும்பு.

பக்கத்து மேசை ரஞ்சித்குமாரின் ஆராய்ச்சியே இரும்பு உப்பில்தான். வேறு யாரைச் சந்தேகப்படுவது?

"சத்தியமா நான் தொடலைங்க. கரிய விடுங்க, அந்தப் பொடியச் சோதிச்சுப் பாத்தீங்களா?"

"செய்யறதையும் செஞ்சுட்டு எனக்கே பாடம் நடத்தறியா?"

இருவருக்கும் வழிகாட்டியான பேராசிரியர் கலைமதியைத்தான் நம்பினார். "நாளையிலருந்து இந்த லேப் பக்கம் வராத" என்று அவனிடம் சொல்லிவிட்டார். இனி எந்தப் பேராசிரியரும் அவனைச் சேர்த்துக்கொள்ளப் போவதில்லை. ரஞ்சித்குமார் தன் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே போனான்.

சாயங்கால பஸ்ஸில் ஊருக்கு வந்த கலைமதி, அம்மா தீர்த்தம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"எல்லாம் போச்சும்மா. பட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒருத்தன் இரும்பக் கலந்து கெடுத்துட்டான்."

"எம்புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட்டவன் கை வெளங்காமப் போவ!" தீர்த்தம்மாளுக்கு ஆத்திரம் தாளவில்லை. வாய் ஓயும்வரை திட்டினாள்.

பிறகு உள்ளே போய் ஒரு பையோடு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அளுவாத கண்ணு. இந்தா, புதுப் பொடி. கல்லுரல்லதான் இடிக்கணும்னு சொன்ன, ஆனா அதுல இடிச்சா திப்பி திப்பியா நிக்குது. உனக்கு நல்லா வரணுமேன்னு மொதல்லருந்தே மொளகா அரைக்கிற இரும்பு மிசின்லதான் குடுத்து அரைக்கறேன்."