அஸ்தாவின் வீட்டுக்கு வந்தவன்

"அசையாம படுங்க. பைக் சத்தம் கேக்குது" என்றபடி அஸ்தா, இன்னொரு கட்டு சோளத்தட்டையை அந்த இரண்டு பெண்கள் மேலும் போட்டாள்.

உள்ளே ரிஃப்காத்து, தோழி தாலத்துவின் வாயைப் பொத்தினாள். விடியற்காலையில் பள்ளி விடுதிக்குள் புகுந்த துப்பாக்கிக் கூட்டம், மாணவிகளை லாரிகளில் அள்ளிப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. வழியில் மரக்கிளையைப் பிடித்துத் தொங்கித் தப்பியவர்கள் இவர்கள் இருவர்தான். ஓடி ஓடி வந்து விழுந்தது, மாடு மேய்க்கும் ஃபுலானி இனத்துக்காரி அஸ்தாவின் குடிசை வாசலில்.

பைக் நின்றது.

"ரெண்டு பொண்ணுங்க தப்பிச்சிட்டாங்க. இந்தப் பக்கம் வந்தாங்களாம்மா?"

"வரல."

"மறைச்சு வெச்சிருந்தா குடிசையைக் கொளுத்திடுவாங்க."

"கொளுத்தட்டும். துப்பாக்கியை வெளிய வெச்சிட்டு உக்காரு. பாலைக் குடி."

ரிஃப்காத்து தட்டை இடுக்கு வழியாகப் பார்த்தாள். அவன் உட்கார்ந்து, சுரைக்குடுவையை வாங்கிக் குடித்தான்.

"மத்த பிள்ளைங்க பட்டினியா கெடக்குதுங்களா?"

"பாறை மடுவுல இருக்குதுங்க. இருட்டினதும் எல்லையைத் தாண்டிடுவோம்" என்று எழுந்தான்.

பைக் சத்தம் தேய்ந்ததுதான் தாமதம், அஸ்தா தட்டையை வாரி எறிந்தாள்.

"எந்திரிங்கடி. வண்டியில ஏறுங்க."

மாட்டு வண்டி காற்றாய்ப் பறந்தது. தாலத்து இரண்டு தரம் கீழே விழப் பார்த்தாள். ராணுவச் சாவடி வந்தபோது மாடுகளுக்கு நுரை தள்ளியது. அங்கே அஸ்தாதான் வழக்கமாகப் பால் ஊற்றுகிறவள். கேப்டன் ஒச்சே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தயங்கினார்.

"அவன் பேச்சை எப்படிம்மா நம்புறது?"

"என்கிட்ட பொய் சொல்ல மாட்டான் சார். இருட்டுறதுக்குள்ள கிளம்புங்க."

பொழுது சாயும்போது, பாறை மடுவுக்குப் போன ராணுவ லாரிகள் திரும்பின. தூரத்திலேயே பாட்டுச் சத்தம் கேட்டது. ரிஃப்காத்து ஒவ்வொருத்தி பெயராகக் கூவிக்கொண்டே ஓடினாள். ஒருத்திகூடக் குறையவில்லை. அழுகையும் சிரிப்புமாகச் சாவடியே திருவிழாக் கோலம் பூண்டது. தாலத்து அஸ்தாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

கேப்டன் வியர்வையைத் துடைத்தபடி வந்தார். அவருக்குப் பின்னால், பிடிபட்டவர்களை வரிசையாகத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள்.

"புண்ணியம் உனக்குத்தான் அஸ்தாம்மா. ஒருத்தன் மட்டும் வாயே திறக்க மாட்டேங்கிறான். உன் வீட்டுக்கு வந்த அதே ஆளுன்னு ரிஃப்காத்து அடையாளம் காட்டினா. பேராவது தெரியுமா?"

அஸ்தா முக்காட்டை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஹம்மாது" என்றாள். "தலைச்சன் பிள்ளை பேரைப் பெத்தவ வாயால சொல்லக் கூடாதுன்னு எங்க குலத்துல வழக்கம் சார். இன்னிக்குத்தான் முதல் தடவை சொல்றேன்."