எழுந்துவிடு

இப்படி ஓர் இடத்தில் ஆட்டத்தை நிறுத்தியிருந்தால், எனக்குப் பிடித்த ஒரு குத்துச்சண்டைகூட இருந்திருக்காது என்று நினைத்தாள் பிலோமினா. புருவம் கிழிந்தும் எழுந்து வென்றவன், ஒரு கண் மூடிப்போயும் குத்திக்கொண்டே இருந்தவள். டிவியில் அவர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, கையில் கரண்டியோடு குதித்திருக்கிறாள். இன்று ரிங்குக்குள் மண்டியிட்டுக் கிடப்பது அவள் மகள் ஜெசிந்தா. நடுவர் எண்ணத் தொடங்கிவிட்டார்.

"துண்டப் போட்டுத் தொலைம்மே! பெத்தவதான நீ?" பக்கத்தில் நின்று கத்தினான் கணவன்.

தோல்வியை ஒப்புக்கொண்டு வீசவேண்டிய துண்டு அவள் கையில்தான் இருந்தது. ஜெசிந்தாவின் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. அரங்கம் அலறியது. ஒரு முழங்கால் மட்டும் மெல்லத் தரையைவிட்டு எழும்பியது. பிலோமினாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

துண்டை நான்காக மடித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.