சட்டைப்பையில் ஒரு பூட் டிரைவ்

"ஹார்டு டிஸ்க் வேண்டாங் கண்ணு. பென் டிரைவ் போட்டுக்கோ" என்றார் ரத்தினசாமி.

தேவிப்பிரியாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

எம்.சி.ஏ. கடைசி செமஸ்டர் புராஜெக்ட். ஒரே பெட்டிக்குள் நாலு கம்ப்யூட்டர் தனித்தனியாக ஓட வேண்டும். திங்கட்கிழமை வைவா. அந்தப் பெட்டியை எழுப்பிவிடும் பூட் டிரைவ் மட்டும்தான் பாக்கி. வைவா முடிந்ததும், கீழ்த்தளத்தில் இருக்கும் அப்பாவின் பனியன் கம்பெனி வருகைப் பதிவும் இதில்தான் ஓடப்போகிறது.

"ஏனுங்கப்பா, பெட்டிக்கு, மெமரிக்கெல்லாம் யோசிக்காம எடுத்துக் குடுத்தீங்க. இதுல வந்தா கஞ்சத்தனம்? நாலு தடவை கரண்டு போய் வந்தா பென் டிரைவ் தாங்காது. வைவால மானம் போயிரும்!"

"செலவுக்கில்ல கண்ணு. கழட்டி ஜோப்புல போட்டுக்கற மாதிரி இருக்கோணும்."

"யாரு ஜோப்புல?"

"என்ற ஜோப்புலதான்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. போன வாரம்தான் குன்னத்தூரிலிருந்து அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கல்யாணம் கூடிவந்தால் படிப்பை நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு.

"ஓ! நான் கட்டுன கம்ப்யூட்டருக்குச் சாவி உங்க ஜோப்புலயா? நீங்க மனசு வெச்சாத்தான் நான் படிக்கோணுமா? பையனா இருந்தா இப்படிச் செய்வீங்களா?"

"அட, அதில்ல சாமி..."

"எது இல்ல? நம்ம கம்பெனி ஒச்சம்மாக்கா மாதிரி தையல்காரங்களை எத்தனை மணி நேரம் பிழியறாங்கன்னு மகளிர் தினத்துல பேசி ஷீல்டு வாங்குனேன். முன்வரிசைல உக்காந்து கை தட்டுனீங்க. அந்த நியாயம் ஊட்டுக்குள்ள மட்டும் வராதா?"

ஷீல்டு அந்தப் பெட்டியின் மேல்தான் மினுங்கிக்கொண்டிருந்தது.

"மெதுவாப் பேசு கண்ணு. கல்யாணத்துக்கு முந்தியே ஊரைக் கூட்டிருவ போல" என்றாள் அம்மா அமராவதி, சமையலறையிலிருந்து.

ரத்தினசாமி சட்டைப்பையிலிருந்து இரண்டு பென் டிரைவ்களை எடுத்து மேசையில் வைத்தார்.

"உன்னைய எதுக்குச் சாமி நான் பூட்டப்போறேன்? அடுத்த மாசம் ஃபாரின் பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பறான். ஓவர்டைம் இருக்குதுன்னு கண்டா ஆர்டரே போயிரும். ஒச்சம்மா ராத்திரி பத்து மணிக்குப் போனா இந்த டிரைவ்ல பத்துன்னே இருக்கும். அவிய வர்றப்ப இதக் கழட்டி ஜோப்புல போட்டுட்டு, அதச் சொருகோணும். அதுல எல்லாரும் ஆறு மணிக்கே ஊட்டுக்குப் போயிருவாங்க. நீதான கண்ணு சொன்னே, எந்த டிரைவ்ல எந்திரிக்குதோ அதையே நெசம்னு நம்பிக்கும்னு?"

தேவிப்பிரியா ஷீல்டைப் பார்த்தாள். பென் டிரைவ்களைப் பார்த்தாள்.

"அப்ப... எனக்காகக் கழட்டறதில்லையா?"

"சத்தியமா இல்ல கண்ணு."

அவள் கோபம் மொத்தமும் வடிந்துவிட்டது.

"என்னங்கப்பா நீங்க, ரெண்டையும் ஒரே கறுப்பா வாங்கிட்டு வந்திருக்கீங்க! ஆடிட் அன்னிக்கு மாறிப்போச்சுன்னா? ஒண்ணைக் குடுங்க, செவப்பு நெயில் பாலிஷ் வெச்சுத் தர்றேன்."